"ஒண்ணுமில்ல தாயி" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் உறவினர் ஒருவரைப் பார்க்க மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸிங் மாணவி ஒருத்தி வந்தாள். காய்ச்சல், நாடி, பி.பி. எல்லாம் பார்த்தாள். மூச்சை மட்டும் எண்ணவில்லை. ஆனால் தாளில் 20 என்று எழுதினாள். பக்கத்துக் கட்டிலுக்கும் அதே 20.

எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அதே 20-ஐ எழுதியவள்தான்.

அப்போது இரண்டாம் வருட மாணவி. வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள், உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். பி.பி. சரியாக இருந்தது. 20 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

வார்டு சிஸ்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நேத்து இவங்க எப்படிப் படுத்திருந்தாங்க?"

"மல்லாந்து, சிஸ்டர்."

"இன்னிக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். கையை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

"ஒரு நிமிஷம் முழுசா எண்ணு" என்றார் சிஸ்டர். எண்ணினேன். 34. டாக்டர் ஓடி வந்தார், ஆக்ஸிஜன் வைத்தார்கள். நிமோனியா ஆரம்பித்திருந்தது. பிழைத்துக்கொண்டார்.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு. உடம்பு கெடத் தொடங்கினால் பல சமயம் பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாகும். இது எனக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். கட்டிலருகே அது கைகொடுக்கவில்லை.

அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை கிறிஸ்டீன் டானர் 2006-ல் இதை நான்கு படிகளாகச் சொன்னார்: கவனிப்பது, அதற்கு அர்த்தம் காண்பது, செய்வது, செய்ததைப் பிறகு நினைத்துப் பார்ப்பது. எங்கள் சிஸ்டர் அதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு கேள்விகளில் முதல் படியில் என்னை ஏற்றிவிட்டார்.

இன்றைய பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படுக்கை விரிக்க, சாம்பிள் கொண்டுபோக, தாளை நிரப்ப ஏவுகிறோம். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்பவர் குறைவு. ஷிஃப்ட் முடிவில் பத்து நிமிஷம் போதும். ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி: நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது, ஏன், யாரிடம் சொல்ல வேண்டும்? "சரியாத் தெரியல சிஸ்டர், என்னமோ மாதிரி இருக்காங்க" என்று வந்து சொல்பவளைத் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் ஆயுசுக்கும் 20-தான் எழுதுவாள்.

கூட்டத்தில் நேரமேது என்பார்கள். நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருஷம் பழக்கி, அந்தப் பெருங்கூட்டத்தை அவர்களைக் கொண்டே சமாளிக்கிறார்கள். கூட்டம்தான் பாடம். பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை நாமும் அந்தக் கட்டிலில் படுக்கலாம். மாணவி வந்து விசாரித்தால் "ஒண்ணுமில்ல தாயி" என்று அனுப்பிவிடாதீர்கள். நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அவளும் கற்றுக்கொள்வாள், நமக்கும் நல்லது.