புலால் மறுத்தார் மருந்து மறுக்கலாமோ?

கொல்லாமையும் புலாலுண்ணாமையும் சைவர்க்கு உயிர்போன்ற ஒழுக்கங்களாம். ஊன் நீங்கிய உணவிற்குச் சைவம் என்னும் பெயரே தமிழகத்து வழங்குதல் அதற்குச் சான்று. இக்காலத்துச் சிலர் அதனினும் ஒருபடி மேற்சென்று, கன்றிற்குரிய பாலைப் பிறர் கவர்தலும், பயனிலவென்று கடாக்கன்றுகள் கொலைக்களம் புகுத்தப்படுதலும் கண்டு மனமிரங்கிப் பால், தயிர், நெய் முதலியவற்றையும் விலக்கித் தாவரவுணவே கொள்கின்றனர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே டொனால்டு வாட்சன் முதலானோர் சங்கங்கூட்டி வீகன் எனப் பெயரிட்ட இவ்வொழுக்கம், தமிழில் நனிசைவம் எனப்படுகின்றது. திருமுழுக்கிற்கு ஆனைந்து கொள்ளும் சைவர் இதனை மேற்கொள்ளல் வேண்டுமோ என்பது வேறு வழக்கு. மேற்கொண்டார் அதனை அறிவோடு நடத்துகின்றனரோ என்பதே ஈண்டு வினா.

அவருட் சிலர், "கீரையும் கனியும் தவசமும் எல்லாச் சத்தும் தரும், மாத்திரை உண்டல் இயற்கைக்கு மாறு, முன்னோர் எம்மாத்திரை உண்டனர்?" என்று கூறித் தாமுங் கெட்டுப் பிறரையுங் கெடுக்கின்றனர்.

தாவரவுணவு வலிமை தாராதென்னும் புலாலுண்பார் கூற்றுப் போலியே என்பதில் ஐயமில்லை. அரிசியிற் குறைந்த லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் மிக்குளது. பருப்பிற் குறைந்த மெத்தியோனின் அரிசியில் உளது. ஆதலின் உளுந்து கூடிய இட்டலியும் பாசிப்பருப்புக் கூடிய பொங்கலும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உணவுகளாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமிற்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. பயற்றிலுங் கீரையிலுமுள்ள இரும்புச்சத்து, நெல்லிக்கனியேனும் எலுமிச்சஞ்சாறேனும் உடன்கொள்ளின் உடம்பில் நன்கு சேரும்; உணவோடு தேநீர் பருகின் குறையும். இத்துணையும் நிலம் தரும். தாராதது ஒன்றுண்டு, அது பி12 என்னும் உயிர்ச்சத்து.

1948-இல் தனியே பிரித்தறியப்பட்ட அச்சத்தினை மரஞ்செடிகள் ஆக்குவதில்லை, விலங்குகளும் ஆக்குவதில்லை. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. அது பாலிலும் ஊனிலும் வந்து தங்குகின்றது. முன்னோரை எடுத்துக்காட்டுவார் அவர் பாலும் தயிரும் உண்டமையை மறந்தனர். பாலை விலக்கியபின் முன்னோரைச் சான்றுகாட்டல் யாங்ஙனம் பொருந்தும்?

"மூன்றாண்டு பாலின்றி வாழ்ந்தும் குறையொன்றும் இலது" என்பாரும் உளர். முன்னுண்ட பி12 ஈரலிற் சில ஆண்டுகள் சேமிப்பாய் இருத்தலின், அக்குறை காலந்தாழ்த்தே தோன்றும். அன்றியும், கீரையில் மிக்குள்ள போலிக் அமிலம் குருதிக்குறையை மறைத்து நிற்ப, நரம்பு உள்ளே கெடும். கைகால் மரத்தல், நடை தளர்தல், நினைவு மங்கல் என்பன பின்னர்த் தோன்றும். முற்றியபின் முழுதும் மீளாமலும் போம். புளித்த மாவும் பழஞ்சோறும் இதற்கு நம்பத்தக்கன அல்ல. சுருள்பாசியிலுள்ளது பெரும்பாலும் உடம்பிற் பயன்படாத போலிப்பொருளே.

மாத்திரை ஊனன்றோ எனின், அற்றன்று. பி12 நுண்ணுயிர் வளர்ப்பினால் ஆக்கப்படுவது. ஜெலட்டின் என்னும் ஊன்பசையாலாகிய உறையுடையதை மட்டும் விலக்கினால் அமையும். நாடோறும் 10 மைக்ரோகிராமேனும், வாரத்திற்கு 2000 மைக்ரோகிராமேனும் கொள்கவென இங்கிலாந்து நனிசைவர் சங்கத்தாரே அறிவுறுத்துகின்றனர். தலைவர் கொள்வதைத் தொண்டர் இகழ்தல் என்ன முறை?

தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு இறைவன் அருளாற் கூட்டிய துணைகள் என்பது சித்தாந்தம். அத்தனுவைப் பிறிதோருயிரின் ஊனால் வளர்த்தல் பாவமாயின், அறியாமையால் வாட்டுதலும் அருட்கொடையை இகழ்தலேயாம். புலான்மறுத்தல் என்னும் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே மருந்து என்னும் அதிகாரமும் வகுத்தனர். ஒன்றைத் தலைமேற்கொண்டு மற்றொன்றைத் தள்ளுவார் அந்நூலைப் பாதியே கற்றவராவர்.

இனி, இப்பிடிவாதம் தம்மளவில் நிற்பதுமன்று. பால் விலக்கிய தாய் பி12 கொள்ளாளாயின், அவள் முலைப்பாலே உணவாகவுள்ள பச்சிளங்குழவி சோர்ந்து வளர்ச்சி குன்றும். கன்றின்மேல் இரங்கினார் தம் மகவின் துன்பத்திற்கு ஏதுவாதல் கொல்லாமையாமோ? அக்குழவியைக் காட்டி, "தாவரவுணவின் பயன் இதுவே" எனப் புலாலுண்பார் நகைப்பர். அந்நகைப்பிற்கு இடந்தந்தது உணவன்று. அதனை அறியாது உண்டாரின் செருக்கே. அருளோடு அறிவும் கூடியவழியே கொல்லாவிரதம் நிலைபெறும்.