குறைந்த விலை யார் தலையில்?

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருக்கின்றன. களிமண் பக்கத்து நெய்வேலியில் கிடைக்கிறது. தொழிலைக் கற்பிக்க சர்க்கார் கல்விக்கூடமும் இவ்வூரிலேயே உண்டு. மண் குழைத்து, அச்சில் வார்த்து, மெருகு தோய்த்து, சூளையில் அடுக்கும் தேர்ந்த கைகள் ஆயிரம் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: நிலையாக வாங்கும் ஆள்!

இதே கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. 1929-ல் தோன்றிய அதனை 2013-ல் சர்க்கார் சட்டமியற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விடுதிகளுக்குத் தட்டும் கோப்பையும் வேண்டும். கழிவறைச் சாமான் வேண்டும். அரிசியும் காய்கறியும் வேண்டும். இவற்றை யாரிடம், எந்த நிபந்தனையில் வாங்குவது? இதற்கொரு பகிரங்கமான கொள்கை வேண்டும் என்கிறோம். அங்கு மட்டுமல்ல, தமிழகத்தின் சகல சர்க்கார் பல்கலைக் கழகங்களிலும் வேண்டும்.

“சட்டம் இடம் தராது, குறைந்த டெண்டரைத்தான் ஏற்க வேண்டும்” என்று காரியாலயத்திலிருந்து பதில் வரும். இது சட்டத்தில் பாதியைப் படித்தவர்கள் பேச்சு. 1998-ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத் தன்மைச் சட்டம் பல்கலைக் கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது, வாஸ்தவம். ஆனால் குறைந்த டெண்டர் எது என்பதை, டெண்டர் படிவத்தில் முன்னதாகவே குறித்த அளவுகோல்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும், எறிந்தபின் என்ன ஆகும் என்று படிவத்தில் எழுதக் கை வலிக்கிறதா?

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையை 2019 ஜனவரி 1 முதல் தமிழக சர்க்காரே தடை செய்தது. அதன் விலையில் குப்பை அள்ளும் தொழிலாளியின் கூலி சேரவில்லை. அடைபட்ட வாய்க்காலைத் தூர் வாரும் விவசாயத் தொழிலாளியின் பாடும் சேரவில்லை. அதனால்தான் அது மலிவு! பீங்கானைச் சுடவும் எரிபொருள் செலவாகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பையை உடையும்வரை கழுவிக் கழுவிக் குடிக்கலாம்.

இங்கே சூளை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. “உள்ளூர்ச் சரக்கை வாங்கு” என்ற கோஷத்தின் நிழலில் ஒதுங்க எண்ண வேண்டாம். மண் தூளில் கலந்த சிலிக்கா தொழிலாளியின் நுரையீரலை அரிக்கிறது. தூசியை உறிஞ்சும் எந்திரம் உண்டா? வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. உண்டா? பெண்ணுக்குச் சம கூலி உண்டா? இவற்றுக்கு ஆதாரம் காட்டாதவனுக்கு ஆர்டர் இல்லை என்று அதே கொள்கையில் எழுத வேண்டும். மரத்தைக் காப்போம், மனிதன் இருமிச் சாகட்டும் என்பது என்ன பசுமை?

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவையே பார்க்கட்டும். ஹோண்டுராஸ் நாட்டில் நைக்கிக்குத் துணி தைத்த இரண்டு ஆலைகள் மூடப்பட்டு, சுமார் 1,800 தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பணம் மறுக்கப்பட்டது. மாணவர்கள் கிளர்ந்தனர். 2010-ல் விஸ்கான்சின் பல்கலைக் கழகம் நைக்கியுடன் செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்தது. சில மாதங்களில் கம்பெனி சுமார் 15 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. தானாகக் கனிந்ததல்ல, கனிய வைத்தார்கள்!

சிதம்பரத்து மாணவர்களும் விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளர்களும் ஒரே மேடையில் கூட வேண்டும். அடுத்த டெண்டர் படிவம் அச்சேறும் முன்பே பல்கலைக் கழக ஆட்சிக்குழு தொழிற்சங்கங்களை அழைத்துப் பேச வேண்டும் என்று கோருகிறோம்.