உழவர் கேள்வி – பதில்: காற்றில் குளிரும் ஆயில் இன்ஜின்



கோடை தொடங்கிவிட்டது. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்த ஆயில் இன்ஜினை வெளியே எடுக்கும் நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்ஜின் பற்றியவைதான். அதிலும் தண்ணீர்த் தொட்டி இல்லாத, காற்றிலேயே குளிரும் சிறிய டீசல் இன்ஜின் பற்றியே அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனவே இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பயிர் பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும். கடைசிக் கேள்வியையும் பதிலையும் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: 2 ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். காய் பிடிக்கும் பருவம். 5 குதிரைத்திறன் இன்ஜின் 2 மணி நேரம் ஓடியதும் சூடேறி, இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது. ஆயில் புதிதாக மாற்றிவிட்டேன். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: உடனே பிரிக்க வேண்டாம். காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள்.

சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ளைவீலில் உள்ள இறக்கைகள் காற்றை இழுத்து, தகரக் கூடு வழியாக அந்த வரிகளுக்குள் தள்ளுகின்றன. உங்கள் இன்ஜினுக்கு அந்தக் காற்றுதான் தண்ணீர். வரிகளில் ஆயில் கசிந்து, அதன் மேல் மண்ணும் உமியும் ஒட்டிக் காய்ந்துவிட்டால் போர்வை போர்த்தியது போல் ஆகிவிடும். மாதக்கணக்கில் சும்மா இருந்த இன்ஜின் என்றால் தகரக் கூட்டுக்குள் குளவி மண் கூடு கட்டியிருக்கும், எலி வைக்கோல் சேர்த்திருக்கும். கூட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். வரிகளை மரக்குச்சி, பிரஷ் கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் டீசல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.

சுத்தம் செய்ததும் தகரக் கூட்டை மறக்காமல் மாட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வயல் பார்க்கப் போன ஓர் ஊரில், இதே போல் சூடேறிய இன்ஜினின் கூட்டைக் கழற்றித் தூர வைத்திருந்தார்கள். "திறந்து கிடந்தால் காற்று நன்றாகப் படும்" என்று யாரோ சொன்னார்களாம். கூடு இல்லாவிட்டால் ஃபேன் தள்ளும் காற்று நாலாபக்கமும் சிதறிவிடும், வரிகளுக்குள் போகாது. நான் போன வாரத்திலேயே அந்த இன்ஜின் பிஸ்டன் பிடித்து நின்றது. கதிர் வரும் தறுவாயில் இருந்த நெல்லுக்கு 6 நாள் தண்ணீர் இல்லை. ஒரு தகரத்தால் வந்த வினை.

இன்ஜின் வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி ஃபேனுக்கே வந்தால், வெந்நீரால் குளிரவைப்பது போலத்தான். ஃபேன் பக்கம் வாசலைப் பார்த்து இருக்கட்டும். சுற்றிலும் ஓர் ஆள் நடந்து வர இடம் விடுங்கள். உச்சி வெயிலை விட்டு, விடியற்காலையில் பாய்ச்சுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடேறினால், கீழே வரும் வால்வு இடைவெளி, ஸ்பீடு இரண்டையும் பாருங்கள். அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கேள்வி: சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றலாமா? ஈரச் சாக்கு போடலாமா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: இரண்டும் கூடாது அம்மா. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விடும், ஹெட் கோணிக்கொள்ளும். ஈரச் சாக்கு காற்றை அடைத்துவிடும். நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தாமல், ஸ்பீடைக் குறைத்து 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்ஜின் நின்றால் ஃபேனும் நின்றுவிடும் என்பதால்தான் இந்த யோசனை.

ஆயிலும் சூட்டை எடுத்துச் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும், இன்ஜின் ஆறிய நிலையில், சமதளத்தில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன மணிக் கணக்குக்கு மாற்றுங்கள். கொட்டகைச் சுவரில் கரியால் மணிக் கணக்கை எழுதி வந்தால் மறக்காது. பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். அது நம் குடிநீரில்தான் சேரும்.

கேள்வி: என் இன்ஜினில் முன்பு 'டிக் டிக்' என்று வால்வுச் சத்தம் கேட்கும். இப்போது சத்தமே இல்லை. ஆனால் ஹேண்டில் போட்டால் லேசாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. நல்லதுதானே?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நல்லதல்ல. வால்வு தேயத் தேய அது ஹெட்டுக்குள் சற்று ஏறி உட்காரும். அப்போது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. ஹேண்டில் லேசாகச் சுற்றுவது அமுக்கம் கசிவதால்தான். வால்வு தன் சூட்டை, மூடி உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கும். உட்காரவே இல்லை என்றால் புகை வால்வு கருகிவிடும். இடைவெளி கூடினால் சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். குறைந்தாலோ சத்தமில்லாமல் வால்வு கெடும். இரண்டாவதுதான் ஆபத்து.

சரி செய்வது அரை மணி நேர வேலை. இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்தி, காலையில் செய்வது நல்லது. டீசலை அடைத்துவிடுங்கள். ஹெட் மூடியைக் கழற்றுங்கள். ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். காற்று வால்வு திறந்து மூடிய பிறகு, ஃப்ளைவீலில் உள்ள மேல்நிலைக் குறி நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். கையேட்டில் உள்ள அளவுக்கான ஃபீலர் கேஜ் தகட்டை நுழையுங்கள். லேசான பிடிப்போடு போய் வர வேண்டும். இல்லையென்றால் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். பலர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான்.

இதைச் செய்தும் அமுக்கம் வரவில்லை என்றால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை. நாசில், டைமிங் இரண்டையும் அவரிடமே விடுங்கள். நாசில் பீய்ச்சும் டீசலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

கேள்வி: கவர்னர் திருகைக் கொஞ்சம் திருப்பினால் தண்ணீர் கூடுதலாக வருகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருக்கோவிலூர்

பதில்: இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பம்பின் ஸ்பீடை 10 சதவீதம் கூட்டினால் தண்ணீர் ஏறத்தாழ 10 சதவீதம்தான் கூடும். ஆனால் அதற்கு இன்ஜின் தர வேண்டிய சக்தி சுமார் 33 சதவீதம் கூடும். 20 சதவீதம் கூட்டினால் சக்தி 73 சதவீதம் கூட வேண்டும். இன்ஜினில் பெரிய புல்லி மாட்டினாலும் இதே கதைதான். அந்தச் சுமையெல்லாம் சூடாகவும் கரும்புகையாகவும் டீசல் செலவாகவும் உங்களிடமே திரும்பி வரும். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். தண்ணீர் கூட வேண்டுமானால் ஃபுட் வால்வைச் சுத்தம் செய்யுங்கள், குழாயில் வளைவுகளைக் குறையுங்கள், உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

புகையைப் பார்த்தும் நோய் சொல்லலாம். கரும்புகை என்றால் சுமை அதிகம் அல்லது ஏர் கிளீனர் அடைப்பு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை.

கேள்வி: காரில் எல்லாம் ரேடியேட்டர் இருக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜின் மட்டமானதா?
– கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்

பதில்: இல்லை தம்பி. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ல் ஒரு வேனைக் கொண்டுவந்தது. பின்புறத்தில் 4 சிலிண்டர் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. ஃபேனும் தகரக் கூடும்தான். பிரேசில் நாட்டில் 2005 வரை அந்த வேனை இதே காற்று இன்ஜினோடு செய்தார்கள். உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, வீடு போல் ஆக்கி ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இன்றும் பழைய வேன்களை ஓட்டுகிறார்கள்.

அவர்கள் செய்வதும் மேலே சொன்னவைதான். சுமார் 2.5 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். வலைச் சல்லடை தவிர ஆயில் ஃபில்டர் கிடையாது. அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். வால்வு இடைவெளியை இன்ஜின் ஆறிய பிறகே வைக்கிறார்கள். பிற்கால 1600 சிசி இன்ஜினுக்கு 0.15 மி.மீ. தகரக் கூட்டில் ஓட்டை இருந்தால் அடைக்கிறார்கள். கவனிப்பு இருந்தால் காற்று இன்ஜின் பல்லாண்டு உழைக்கும்.

கேள்வி: கிணற்றில் தண்ணீர் 40 அடிக்குக் கீழே போய்விட்டது. மேலே இருந்து உறிஞ்சவில்லை. இன்ஜினைக் கயிறு கட்டி உள்ளே இறக்கி, பாறை மேல் வைத்து ஓட்டலாமா?
– ஒரு வாசகர், கல்வராயன்மலை அடிவாரம்

பதில்: கூடவே கூடாது ஐயா. எந்த பம்பும் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது என்பதால்தான் இந்த எண்ணம் வருகிறது. ஆனால் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் அது தேங்கி நிற்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் இன்ஜினில் இது இன்னும் அதிகம். தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஏறி வரக் கை கால் வராது. இன்ஜினை நிறுத்திய பிறகும் வாயு அங்கேயே இருக்கும். சைலன்சர் குழாயை மேலே நீட்டினாலும் இணைப்புகளில் கசியும்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும். ஆனால் விளக்கு எரிந்தாலும் இந்த நச்சு வாயு இருக்கலாம். விளக்கை நம்பி இறங்காதீர்கள்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பெற்ற பிள்ளையே ஆனாலும் உடனே இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் அடுத்தவரும் விழுவதுதான் இந்த விபத்தின் வழக்கம். 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவியோடு இறங்குவார்கள்.

தண்ணீருக்கு வழி இருக்கிறது. இன்ஜின் மேலேயே இருக்கட்டும். ஜெட் பம்பு மாட்டலாம், நீள் தண்டு டர்பைன் பம்பு வைக்கலாம், ஜெனரேட்டரில் நீர்மூழ்கி மோட்டார் ஓட்டலாம். உங்கள் கிணற்றுக்கு எது பொருந்தும் என்று வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்தில் கேளுங்கள். செலவாகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரும் ஐயா. இறங்குவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். கேள்வியோடு இன்ஜினின் குதிரைத்திறன், கிணற்றின் ஆழம், பயிர், அதன் வயது ஆகியவற்றையும் எழுதினால் சரியான பதில் சொல்ல உதவியாக இருக்கும்.