மொலாசஸில் ஈஸ்ட் தயாரிக்கலாமா?

‘எங்கள் மகளிர் குழு பௌர்ணமி கிரிவலத்துக்கு பன், ரஸ்க் செய்து விற்கிறது. சில நாட்களில் மாவு உப்புவதே இல்லை. போன முறை ஒரு மூட்டை மைதா வீணாகிவிட்டது. செய்யாறு சர்க்கரை ஆலையில் மொலாசஸ் வாங்கி, ஈஸ்ட்டை நாங்களே தயாரிக்க முடியுமா?’

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.

பேக்கரி ஈஸ்ட் கரும்பாலை மொலாசஸில்தான் வளர்கிறது. அதனால் கேள்வி நியாயமானதே. ஆனால், குழு அளவில் இதில் இறங்க வேண்டாம். முதல் தடை சட்டம். மொலாசஸிலிருந்து சாராயம் காய்ச்சலாம் என்பதால், தமிழ்நாட்டில் அதை வாங்கவும், வைத்திருக்கவும், கொண்டு செல்லவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தேவை.

அனுமதி கிடைத்தாலும் தரம் வராது. ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை. ஈர ஈஸ்ட் ஒரு கிராமில் சுமார் 1,000 கோடி செல்கள் இருக்கும். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால், எவ்வளவு காற்று கொடுத்தாலும் அது பெருகுவதை விட்டுவிட்டு சாராயமாக மாற்றத் தொடங்கிவிடும். நல்ல காற்றோட்டத்தில், சிறுகச் சிறுகச் சர்க்கரை கொடுத்து வளர்த்தால் 100 கிலோ சர்க்கரையில் 50 கிலோ வரை உலர் ஈஸ்ட் தேறும். காற்றில்லாமல் விட்டால் 10 கிலோகூட மிஞ்சாது. இதற்காகத்தான் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் சொட்டுநீர்ப் பாசனம்போல மொலாசஸை விடும் முறை வந்தது. இன்றும் ஆலைகளில் அதுதான் நடைமுறை.

அங்கே மொலாசஸை நீர்த்து, மண்டியைப் பிரித்து, கொதிநீராவியில் கிருமி நீக்கிய பிறகே தொட்டிக்குள் விடுகிறார்கள். ஈஸ்ட் வளரும்போது தானே சூடாகும் என்பதால் குளிர்நீர்க் குழாய்கள் வைத்து 30 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பார்கள். லேசான புளிப்புத்தன்மையும் காக்கப்படும். அது தவறினால் பாக்டீரியா பெருகி, ஈஸ்ட்டின் வேகம் குறையும்.

கரும்பு விவசாயிகளுக்கு எளிதில் புரிகிற ஒரு கட்டம் உண்டு. கரும்பு முதிரும்போது யூரியாவை நிறுத்தினால்தானே சர்க்கரை ஏறும்? ஆலையிலும் கடைசி நேரத்தில் தழைச்சத்தை நிறுத்திவிடுவார்கள். செல்கள் மொட்டு விடுவதை நிறுத்தி, ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேமிக்கும். உலர்த்தும் வெப்பத்தையும் பாக்கெட்டுக்குள் கிடக்கும் மாதங்களையும் ஈஸ்ட் தாங்குவது அதனால்தான். இதைச் சரியாகச் செய்யாத ஈஸ்ட், பார்க்க நன்றாக இருக்கும். மாவில் போட்டால் உப்பாது. டிரம்மும் மீன்தொட்டி பம்பும் வைத்து இதைச் சாதிக்க முடியாது.

மைதா வீணாகாமல் இருக்க, வாங்கும்போதே கவனிக்க வேண்டும். காற்று நீக்கிய உலர் ஈஸ்ட் பாக்கெட் செங்கல்போல கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்று புகுந்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதி தேதி இரண்டையும் பாருங்கள். பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். திருவண்ணாமலை வெயிலில் அடுப்படி அலமாரியில் கிடந்தால் ஈஸ்ட் செத்துப்போகும். கட்டி ஈஸ்ட் என்றால் ஃபிரிட்ஜில்கூட இரண்டு, மூன்று வாரம்தான். பழுப்பேறிப் பிசுபிசுத்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

மாவில் கை வைக்கும் முன் ஒரு சோதனை. அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் உலர் ஈஸ்ட் கலந்து வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை பொங்கி எழ வேண்டும். எழாவிட்டால் அந்த பாக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள். நுரை வந்தும் மாவு உப்பவில்லையா? கொதிக்கிற நீரை ஊற்றினார்களா, உப்பை நேராக ஈஸ்ட்டின் மேல் கொட்டினார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். கோடையில் மாவு பிசையப் பானைத் தண்ணீரே போதும்.