காலம் கடந்துவிட்டதாம்!

தம்பி!

சங்கரன்கோவில் கூட்டம் கலைந்த பின், ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்தார். "மகளுக்கு அந்தக் கொடுமை நேர்ந்து நான்கு ஆண்டு. காலம் கடந்துவிட்டது, இனி வழக்கு எடுபடாது என்கிறார்களே, ஐயா?" என்றார்.

எடுபடாது என்றவன் எவன்? மூன்றாண்டுச் சிறை வரையிலான குற்றங்களுக்குத்தான் சட்டம் கெடு வைத்திருக்கிறது. வன்புணர்ச்சிக்குக் கெடுவே கிடையாது! பணியிடத் தொல்லைக்குத்தான், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றே மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று. அதை மறவாதே.

வாச்சாத்தியை எண்ணிப் பார், தம்பி! 1992 ஜூன் 20. காக்க வேண்டிய சீருடையே 18 பெண்களைச் சீரழித்தது. 269 பேர் மீது வழக்கு. தீர்ப்புக்கு முன்பே 54 பேர் மாண்டனர். 2011-இல் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோராண்டு! நாடகத்திலே எழுதினால் மிகை என்பார்கள்.

மருத்துவச் சான்றுதான் காத்திராது. ஆகவே விரைவு நன்று. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளர், அதன்பின் நீதித்துறை நடுவர். பெண்ணுக்கு, வருமானம் பாராமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

திங்கள் காலை அந்தத் தாயுடன் தென்காசிக்குப் போகத் துணை வேண்டும். வருகிறாயா?