நிக்கிற கார் வட்டி திங்கும்!

பாபநாசம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் மக்கா? கும்பகோணம் பக்கத்துப் பசங்களுக்கு அவங்க ஊர் பாபநாசம். சினிமா பார்ட்டிகளுக்கு 2015-ல் வந்த கமல் படம். நெல்லைக்காரங்க நமக்கு அகஸ்தியர் அருவி, தாமிரபரணி, காரையாறு டேம், அப்புறம் கையில இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டைப் பறிக்கிற குரங்கு!

இந்த வாரம் அருவியும் இல்லை, குரங்கும் இல்லை. அந்த மலை ரோட்டுல ஏறி இறங்கின கார்களைப் பத்திப் பேசுவோம். ஏன்னா, ஃபைனல் இயர் மக்கள் கேம்பஸ் இன்டர்வியூவுல ஆஃபர் லெட்டர் வாங்கின அன்னிக்கு ராத்திரியே தேடிப் பார்க்கிற விஷயம் என்ன தெரியுமா? கார் விலை! "எது பெஸ்ட் கார் பாஸ்? எது வேஸ்ட்?" இதுதான் ஹாஸ்டல் ரூம்ல ஓடுற பட்டிமன்றம்.

இந்தக் கேள்வியை ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு வீடியோ போடுற ஆள்கிட்ட கேட்கிறதைவிட, கார் ஓட்டியே சோறு சாப்பிட்ட ஆள்கிட்ட கேட்கணும். பாபநாசம் கோயில் பக்கம் வாடகைக் கார் ஓட்டுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். சொந்தமா வாங்கினது மொத்தம் 5 வண்டி. ஒரு டீசல் அம்பாசடர், ஒரு ஆம்னி, பேர் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிக்கிற ஒரு வண்டி, ஒரு இண்டிகா, இப்போ ஓடிக்கிட்டிருக்கிற டிக்கி வெச்ச கார்.

"அண்ணாச்சி, இருக்கிறதிலேயே மோசமான வண்டி எது?"

"அந்த மூணாவதுதான் தம்பி. பேரை எழுதிராதே. பாவம், கம்பெனிக்காரன் எனக்காகவா செஞ்சான்? எவனோ டவுன்காரனுக்குச் செஞ்சதை நான் மலைக்கு இழுத்துட்டு வந்தேன்."

பார்க்க அவ்வளவு அழகான வண்டியாம். ஏ.சி. ஜில்லுனு இருக்குமாம், ஸ்டீயரிங்கை ஒத்தை விரலால திருப்பலாமாம். கல்யாண சீசன்ல மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்பாங்களாம். பிரச்னை வந்தது ஒரே ஒரு சாமானால. அது அம்பாசமுத்திரத்துல கிடைக்கலை, திருநெல்வேலியிலும் கிடைக்கலை. சென்னையில ஆர்டர் போட்டாச்சு, இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு மூணு வாரம் பட்டறையில நின்னுருச்சு.

"ஓடுத வண்டி டீசல் திங்கும் தம்பி. நிக்கிற வண்டி வட்டி திங்கும். ரெண்டுல எது மோசம்னு நீயே சொல்லு."

எந்த எம்.பி.ஏ. கிளாஸிலும் இவ்வளவு சுருக்கமா சொல்லித் தரமாட்டாங்க! சந்தேகமா இருந்தா ஒரு கணக்குப் போடுவோம். 5 லட்ச ரூபாய் கார் லோன், 9 சதவிகித வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்கோங்க. மாசத் தவணை சுமாரா 10,380 ரூபாய். 60 மாசம் கட்டி முடிக்கும்போது நீங்க கொடுத்தது 6 லட்சத்து 23 ஆயிரம். ஒரு நாளைக்குப் பிரிச்சா 346 ரூபாய். வண்டி ஓடினாலும் 346, பட்டறையில தூங்கினாலும் 346. மூணு வாரத்துக்கு 7,266 ரூபாய் போச்சு. ரிப்பேர் பில், சவாரி நஷ்டம் எல்லாம் தனி.

'இது டாக்சிக்காரர் கவலை, நமக்கென்ன'ன்னு நினைக்காதீங்க. முதல் சம்பளம் 25 ஆயிரம்னா, அதுல பத்தாயிரம் தவணைக்குப் போகுதுன்னா, வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் உங்க பாக்கெட்ல இருந்துதான் காசு போகும்.

சரி, அழகான வண்டி தப்பான இடத்துல மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? இதுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கு. சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனினு ஒண்ணு இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செஞ்சவங்க அவங்கதான். உங்க தாத்தாவைக் கேளுங்க, கண்ணு கலங்கும்! 1985-ல் அவங்க 'ஸ்டாண்டர்டு 2000'ன்னு ஒரு காரைக் கொண்டு வந்தாங்க. அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரோட உடம்பு. ஐரோப்பாவில் 1977-ம் ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கிய சாட்சாத் அதே வண்டி. அங்கே அதுல இருந்தது 3.5 லிட்டர் வி-8 இன்ஜின். இங்கே மாட்டினது, ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்துப் பழைய 2 லிட்டர் இன்ஜின்.

சிக்ஸ் பேக் பாடிக்குள்ள தாத்தாவோட இதயம்! இழுவையும் இல்லை, மைலேஜும் இல்லை. விலையோ பணக்காரர் விலை. மாருதி அப்போ சின்னக் காரை வெச்சு ஊரையே மடக்கிக்கிட்டிருந்த நேரம் வேற. 1988-ல் கதை முடிஞ்சுது. ஒரு நாட்டுல 'பெஸ்ட்' வாங்கின கார், இன்னொரு நாட்டுல 'வேஸ்ட்' பட்டம் வாங்கினது இப்படித்தான்.

இப்போ பெஸ்ட்டுக்கு வருவோம். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை.

"அம்பாசடர்தான். சந்தேகமே வேண்டாம்."

ஏன்? வேகமா? அய்யோ, இல்லவே இல்லை! ஸ்டீயரிங் திருப்பினா ஜிம்முக்குப் போக வேண்டாம். ஆனா ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தய்யனார் கோயிலுக்குக் கிளம்புற ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணுங்க. ஆச்சி, தாத்தா, பிள்ளைங்க, அரிசி மூட்டை, பாத்திரம், அடுப்பு. இத்தனையும் அதுல அடங்கும். பின்னால பட்டை ஸ்பிரிங், பள்ளம் மேட்டுக்கு அசராது. மிச்சத்தை அவரே சொல்லட்டும்...

"எது உடைஞ்சாலும் அம்பையில கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு கழட்டுவான். ஸ்பேனர் ஒரு செட்டு, கொஞ்சம் கம்பி, ஒரு டியூப் துண்டு இருந்தாப் போதும், காட்டுக்குள்ள நின்னாலும் நானே உருட்டிக் கொண்டாந்திருவேன்."

அம்பாசடரோட கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடிப்படையா வெச்சு, மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பிச்சது. அரை நூற்றாண்டுக்கு மேல கிட்டத்தட்ட அதே முகம். 2013-ல் பி.பி.சி.யின் 'டாப் கியர்' பல நாட்டு டாக்சிகளை மோதவிட்டுப் பார்த்தப்போ, ஜெயிச்சது நம்ம அம்பிதான்! ஆனா விதியைப் பாருங்க... அடுத்த வருஷமே, 2014 மே மாசம், ஃபேக்டரி நின்னு போச்சு. 1980-களின் நடுவில் வருஷத்துக்கு 24 ஆயிரம் வண்டி விற்ற கம்பெனி, கடைசி வருஷத்துல விற்றது சுமார் 2,200.

ஆக, 'உலகத்திலேயே நல்ல டாக்சி'ங்கிற பட்டம் கையில இருக்கு, வாங்கத்தான் ஆள் இல்லை! மார்க் வேற, மார்க்கெட் வேற மக்கா.

இதுக்கு நேர் எதிரான கதை இண்டிகா. டாடா சொந்தமா உருவாக்கின இந்தக் கார் 1998 கடைசியில் அறிமுகமாச்சு. வந்த புதுசுல வாடிக்கையாளர் புகார் மேல புகார். நம்ம பாஷையில சொன்னா, ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே ஏகப்பட்ட அரியர். கம்பெனி என்ன செஞ்சது? ஒவ்வொரு புகாரா எடுத்துத் திருத்தி, 2001-ல் 'வி2'ன்னு மறுபடியும் எக்ஸாம் எழுதுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் தமிழ்நாட்டுல கால் டாக்சின்னாலே இண்டிகாதான். அரியர் வெச்சவன் எல்லாம் மோசமானவன் இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல சர்ட்டிஃபிகேட் வேணுமா? புதுசா வர்ற மாடலை முதல் மாசமே ஓடிப்போய் புக் பண்ணாதீங்கன்னு பெரியவங்க சொல்றதுக்கும் இதேதான் காரணம். மத்தவங்க கண்டுபிடிச்ச கோளாறைக் கம்பெனி சரி பண்ணட்டும், நாம அப்புறமா வாங்கிக்கலாம்.

இன்னொரு விஷயம். வண்டி பெஸ்ட்டா இருந்தாலும் டிரைவர் வேஸ்ட்டா இருந்தா என்ன பிரயோஜனம்? டேம் பக்கத்துல இருந்து கீழே இறங்கும்போது நம்ம பசங்க நியூட்ரல்ல விடுறதைப் பார்த்தா அண்ணாச்சிக்கு ரத்தம் கொதிக்குமாம். "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு" - இது மலை டிரைவர்களோட பழைய பாடம். கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டா, இன்ஜினே சக்கரத்தைப் பிடிச்சு இழுத்து வேகத்தைக் குறைக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக் மேல. மிதிச்சுக்கிட்டே இருந்தா பிரேக் சூடாகி, ஒரு கட்டத்துல மிதி இருக்கும், பிடிப்பு இருக்காது.

'பெட்ரோல் மிச்சமாகுதே'ங்கிறீங்களா? இப்போ வர்ற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்கள்ல அதுவும் பொய். கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டு இறங்கினா, பெரும்பாலும் எரிபொருள் போறதே நின்னுரும். நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம இருக்க எரிபொருள் குடிக்கும். உயிருக்கும் ரிஸ்க், பர்ஸுக்கும் நஷ்டம்!

இப்போ கொஞ்சம் சீரியஸ். அண்ணாச்சியோட பெஸ்ட் அம்பாசடர் சரி. அவர் ஓட்டின காலத்து அம்பாசடர்ல ஏர்பேக் கிடையாது. அதை இன்னிக்கு நாம 'பெஸ்ட்'னு சொல்ல முடியுமா?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் ஓடிக்கிட்டிருந்த 5 கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பார்த்துச்சு. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. அஞ்சும் பெரியவங்க பாதுகாப்புல பூஜ்யம்! இதுல கவனிக்க வேண்டியது போலோ. ஏர்பேக் இல்லாத போலோவுக்கு சைபர் ஸ்டார். ரெண்டு ஏர்பேக் வெச்ச அதே போலோவுக்கு 4 ஸ்டார். பார்க்க ரெண்டும் ஒரே வண்டி. ஷோரூம்ல பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியுற இடம் வேற. அது நமக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

அதுக்கப்புறம் நிறைய மாறிருச்சு. 2018 டிசம்பர்ல டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்குச்சு. நானோவுக்கு சைபர் வாங்கின அதே கம்பெனி! 2019-ல் டிரைவர் ஏர்பேக் கட்டாயமாச்சு, 2021-ல் முன் சீட்டுல பக்கத்துல உட்கார்றவருக்கும். 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப்னு சொந்தமா ஒரு தேர்வு வந்தாச்சு. ஆனா செகண்ட்ஸ்ல வாங்கப் போற உங்களுக்கு இது முக்கியம். பழைய வண்டியில இதெல்லாம் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. 'டாப் மாடல் பாஸ், சூப்பர் மியூசிக் சிஸ்டம்'னு புரோக்கர் சொல்லும்போது, "அது கிடக்கட்டும், ஏர்பேக் இருக்கா?"ன்னு கேளுங்க.

ஆக, பெஸ்ட் கார், வேஸ்ட் கார்னு பொதுவா ஒரு லிஸ்ட் கிடையாது மக்கா. மூணே கேள்விதான்.

ஒண்ணு: இது தினமும் எங்கே போகப் போகுது? ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ஊர்ந்து போகப் போறதுக்கும், ஊர்ல அப்பா அம்மாவை ஏத்திக்கிட்டு காரையாறு ஏறப் போறதுக்கும் ஒரே கார் சரிப்படாது.

ரெண்டு: இது நின்னா யார் கை வைப்பாங்க? நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரத்துல சர்வீஸ் சென்டர், சாமான் எத்தனை நாள்ல வரும்? ஷோரூம்ல கேட்காதீங்க. டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் அதே வண்டி வெச்சிருக்கிற மூணு டிரைவர்கிட்ட கேளுங்க. ஒரு டீ செலவுல ஒரு லட்சம் மிச்சமாகும்.

மூணு: இது மோதினா உள்ளே இருக்கிறவங்க எந்திரிச்சு வருவாங்களா? இந்தக் கேள்விக்கு மட்டும் 'பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'ங்கிற பதிலே வேண்டாம். கலர்ல அட்ஜஸ்ட் பண்ணுங்க, சன்ரூஃப்ல அட்ஜஸ்ட் பண்ணுங்க, இதுல கூடாது.

மூணுக்கும் பதில் சரியா வந்தா, பக்கத்து வீட்டுப் பையன் சிரிச்சாலும் அதுதான் உங்க பெஸ்ட் கார். ஒண்ணு இடிச்சாலும், ஊரே கை தட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க. லோன் பேப்பர்ல போட்ட கையெழுத்துக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது!

உங்க வீட்டுல அப்பா, மாமா, சித்தப்பா யாராவது வண்டி ஓட்டினவங்க இருந்தா, இன்னிக்கே அவங்க பெஸ்ட்டையும் வேஸ்ட்டையும் கேட்டுப் பாருங்க. எந்தச் சாமான் எப்போ போச்சு, எந்த மெக்கானிக் கை கொடுத்தார்னு எல்லாம் ஞாபகம் வெச்சிருப்பாங்க. ராத்திரி சாப்பாடு ஆறிப் போனாலும் பரவாயில்லை, கேட்டு முடிங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரை பின் சீட்ல உட்கார்ந்தாலும் பெல்ட்டை மாட்டுங்க... வரட்டா?