போக்கரைப் புளியங்கொட்டையில் படிப்போம்

போக்கர் சூது, அதைப் பழகவே கூடாது எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். போனைத் திறந்தால் "விளையாடு, வெல்லு" எண்டு விளம்பரம் வருது. ரெண்டுக்கும் நடுவில நிக்கிற எங்களுக்கு ஒருத்தரும் கணக்கைச் சொல்லித் தாறதில்லை. என்ர கருத்து இதுதான்: போக்கரைப் படிக்க வேணும், ஆனால் காசில்லாமல்.

வன்னியில செத்தவீட்டு இரவுகளில 304 அடிச்சு வளர்ந்த ஆக்களுக்கு இது புதுசில்லை. ஜே 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கே 3, கியூ 2. ஒரு சாதிக்கு 76, நாலுக்கும் 304. முதல் நாலு காட்ஸை மட்டும் பார்த்துக் கேட்க வேணும், மிச்சம் பிறகுதான் வரும். பாதி தெரிஞ்சு முடிவெடுக்கிற அந்தப் பழக்கம்தான் போக்கருக்கும் அடிப்படை.

போக்கரில கையில ரெண்டு காட்ஸ். நடுவில முதல் மூண்டு, பிறகு ஒண்டு, கடைசியா இன்னொண்டு. இந்த ஏழில சிறந்த அஞ்சு உங்கட கை. 304இல சோடியை விட்டிட்டு நடுவில எழும்பேலாது. போக்கரில எழும்பலாம், அதுதான் முக்கியமான திறமை.

புளியங்கொட்டையை வச்சுப் பாருங்கோ. ஒரே சாதியில நாலு சேர்ந்திட்டுது, அஞ்சாவது வந்தால் வெற்றி. கடைசிக் காட்ஸ்தான் பாக்கி. நீங்கள் காணாதது 46, அதில உதவுறது 9. அதாவது கிட்டத்தட்ட அஞ்சில ஒண்டு. நடுவில 10 கொட்டை கிடக்கு. பார்க்க 2 கேட்டால் போடலாம், ஆறில ஒரு தரம் வெண்டாலே முதலுக்கு மோசமில்லை. 5 கேட்டால் மூண்டில ஒரு தரம் வெல்ல வேணும். காட்ஸை வச்சிடுங்கோ.

2023 நவம்பரில சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எண்டது. 2025 ஆகஸ்டில இந்தியா, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டுற இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை தேவை எண்டது உண்மைதான். ஆனால் காசு மேசை நடத்துறவன் பந்தயப் பணத்தில தன்ர பங்கை எடுக்கிறான். சம திறமைக்காரர் நாள் முழுக்க விளையாடினால் எல்லாற்ற காசும் மெல்ல மெல்ல அவனிட்டத்தான் போகும்.

நுண்கடன் தவணைக்காரன் வாசலில நிக்கிற வீடுகள் எங்கட ஊரில எத்தினை எண்டு உங்களுக்கே தெரியும். விட்டதைப் பிடிக்க இன்னொருக்கால் கட்டுற காசு அந்த வீட்டுக் காசுதான். எப்ப காட்ஸை வைக்கிறது எண்டு தெரிஞ்சவன் அந்த மேசையில இருக்கவே மாட்டான்.

அதால, புளியங்கொட்டையோட பாயை விரியுங்கோ.